சூடான எஞ்சினை மறுபடி கிளப்பினால் தடுமாறும் ஐடிலிங்: என் அனுபவம்

என்னிடம் இருக்கும் ஸ்போர்ட்ஸ் கார் 1980களின் இறுதியில் வந்த ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி. காலையில் ஒழுங்காகக் கிளம்பும்; ஓடிச் சூடேறிய பின் கால் மணி நேரம் நிறுத்திவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால்தான் ஐடிலிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) ஆர்.பி.எம். (எஞ்சின் சுழலும் வேகம்) ஏறி இறங்கி, கரும்புகை தள்ளி, சற்று நேரம் கழித்தே நிதானத்துக்கு வரும். பிளக்கை மாற்று, காயிலை மாற்று என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்; கரும்புகையோ பெட்ரோல் மிகுதியாகப் போவதையே காட்டியது.

ஃபியூயல் ரெயிலில் (பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களுக்கு அதைப் பங்கிடும் குழாய்) பிரஷர் கேஜைப் பொருத்தினேன். ஐடிலிங்கில் சுமார் 2.5 பார், பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை இன்டேக் மேனிஃபோல்டோடு (எஞ்சினுக்குள் காற்று போகும் பாதை) இணைக்கும் வேக்குவம் குழாயைக் கழற்றினால் 3 பார் என அளவு சரியாகவே இருந்தது. ஆனால் எஞ்சினை நிறுத்தியதும் முள் மளமளவென்று இறங்கியது. மிகுதிப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் ஹோஸ், பம்பிலிருந்து வரும் ஹோஸ் இரண்டையும் கிளாம்ப் போட்டு அடைத்தும் இறக்கம் நிற்காததால், கசிவு இன்ஜெக்டரிலோ ரெகுலேட்டரிலோதான் இருக்க வேண்டும். கழற்றிய வேக்குவம் குழாயின் உட்புறம் பெட்ரோலில் நனைந்திருந்தது. ரெகுலேட்டரின் டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு) கிழிந்து, நின்றிருக்கும் நேரத்தில் பெட்ரோல் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் கசிந்திருக்கிறது. இரவு முழுக்க நின்றால் அது ஆவியாகிவிடும் என்பதால் காலையில் தொல்லை இல்லை.

எஞ்சினை ஆறவிட்டு, ரெயிலின் அழுத்தத்தை இறக்கிய பிறகே (சூட்டில் பெட்ரோல் பீய்ச்சினால் தீப்பிடிக்கும்) ரெகுலேட்டர், ஓ-ரிங், வேக்குவம் குழாய் மூன்றையும் மாற்றினேன். இப்போது எஞ்சினை நிறுத்திய பின்னும் கேஜ் முள் அப்படியே நிற்கிறது. சூட்டோடு கிளப்பினாலும் ஐடிலிங் சீராக இருக்கிறது.