பி.எம். ஸ்காலர்ஷிப்புக்கு விண்ணப்பிக்கிறீர்களா? முதலில் டிஸ்சார்ஜ் புக்கை எடுங்கள்

தரைப்படை, கடற்படை, விமானப்படை, கடலோரக் காவல்படை இதில் எதிலிருந்தாவது ஓய்வு பெற்றவரின் பிள்ளை இந்த வருடம் பி.இ., நர்சிங், எம்.பி.பி.எஸ்., பி.எட். மாதிரி ஒரு தொழிற்படிப்பில் முதலாம் ஆண்டு சேர்ந்திருந்தால், இந்தப் பதிவு உங்களுக்குத்தான். பிரதமரின் கல்வி உதவித்தொகை என்று பெயர். நம் ஆட்கள் பி.எம். ஸ்காலர்ஷிப் என்பார்கள். 2006-07 முதல் கொடுக்கிறார்கள். பெண் பிள்ளைக்கு மாதம் 3,000, ஆண் பிள்ளைக்கு மாதம் 2,500 ரூபாய். மாதாமாதம் வராது, வருடத்துக்கு மொத்தமாக 36,000 அல்லது 30,000 ரூபாய் பிள்ளையின் கணக்கில் விழும். பெண் பிள்ளைக்கு நான்கு வருட நர்சிங் என்றால் 1,44,000 ரூபாய். பென்ஷனை மட்டும் நம்பி நடக்கும் வீட்டில் இது சின்னத் தொகை இல்லை.

நான் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். என் மகளுக்கு இதை வாங்கியபின் எங்கள் சங்கத்தில் பலருக்கும் விண்ணப்பம் போட்டுக் கொடுத்து வருகிறேன். நான் பார்த்தவரை இணையதளத்தில் மாட்டிக்கொண்டு நின்றவர்கள் குறைவு. பிள்ளையின் பெயரில் மாட்டிக்கொண்டவர்கள்தான் அதிகம். அதனால் அந்தப் பகுதியை மட்டும் நீளமாக எழுதியிருக்கிறேன். தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

யாருக்குக் கிடைக்கும்

வருடத்துக்கு 5,500 பேர்: பெண்கள் 2,750, ஆண்கள் 2,750. போரில் உயிர்நீத்தவர்களின் குடும்பத்துக்கு முதல் உரிமை. அடுத்து போரில் ஊனமுற்றவர்கள், பணியின் காரணமாக இறந்தவர்கள், பணியின் காரணமாக ஊனமுற்றவர்கள், வீரதீர விருது பெற்றவர்கள் என்று வரிசை போகும். கடைசிப் பிரிவு, அதிகாரி அந்தஸ்துக்குக் கீழே இருந்து சாதாரணமாக ஓய்வு பெற்ற நம்மைப் போன்றவர்களுக்கு.

ப்ளஸ் டூவில் 60 சதவீதம் வேண்டும். அதாவது 600க்கு 360. பி.எட்., எம்.பி.ஏ., எம்.சி.ஏ. என்றால் டிகிரி மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். 60 இருந்தால் விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான். நம் பிரிவில் மதிப்பெண் வரிசைப்படி தேர்வு செய்வதால், 60ஐ ஒட்டி எடுத்த பிள்ளையிடம் நிச்சயம் கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். விண்ணப்பம் மட்டும் கட்டாயம் போடுங்கள்.

வெறும் பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். இதில் வராது. பாலிடெக்னிக், அஞ்சல்வழிப் படிப்பு, வெளிநாட்டுப் படிப்பும் வராது. இன்னும் பணியில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்கும் கிடையாது. சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். குடும்பங்களுக்கு இதே பெயரில் உள்துறை அமைச்சகம் தனியாக ஒரு திட்டம் நடத்துகிறது. அது தேசிய கல்வி உதவித்தொகைத் தளம் வழியாகப் போகும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இது பிள்ளைகளுக்கு மட்டுமானது இல்லை. முன்னாள் படைவீரரின் மனைவி, கணவரை இழந்தபின் தானே பி.எட். அல்லது நர்சிங் சேர்ந்திருந்தால் அவரும் விண்ணப்பிக்கலாம். இது தெரியாமலே பல சகோதரிகள் கடன் வாங்கிப் படிக்கிறார்கள். உங்கள் தெருவில் யாராவது இருந்தால் நேரில் போய்ச் சொல்லுங்கள்.

முதல் வேலை: பெயர்ப் பொருத்தம்

டிஸ்சார்ஜ் புக்கில் (ஓய்வு பெறும்போது படையில் கொடுத்த பணி விவரப் புத்தகம்) குடும்ப விவரம் உள்ள பக்கத்தைத் திறந்து, பக்கத்திலேயே பிள்ளையின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ஆதார் இரண்டையும் வையுங்கள். பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்.

நம் ஊர்ப் பெயர்களுக்கு இங்கே ஒரு தனித் தொல்லை இருக்கிறது. பிள்ளை பிறந்தபோது நாம் எங்கோ எல்லையில் இருந்திருப்போம். வீட்டிலிருந்து வந்த கடிதத்தைப் பார்த்து யூனிட்டில் ஒரு எழுத்துக்கூட்டலில் பதிந்திருப்பார்கள். பள்ளியில் சேர்க்கும்போது டீச்சர் வேறு மாதிரி எழுதியிருப்பார். தமிழில் கவிதா கவிதாதான். ஆங்கிலத்தில் ஒரு இடத்தில் ‘டி’, இன்னொரு இடத்தில் ‘டி.எச்.’. இதோடு இனிஷியல் வேறு. மார்க் ஷீட்டில் ‘எஸ்’ பெயருக்குப் பின்னால் நிற்கும், ஆதாரில் அதே எஸ் விரிந்து அப்பாவின் முழுப்பெயராக இருக்கும், டிஸ்சார்ஜ் புக்கில் இனிஷியலே இருக்காது. சில வீடுகளில் செல்லப்பெயரே பதிவாகி இருப்பதையும் பார்த்திருக்கிறேன். சரிபார்ப்பவர் கண்ணுக்கு இது மூன்று வெவ்வேறு பிள்ளைகள்.

ஓய்வு பெற்றபின் பிறந்த பிள்ளை என்றால் புக்கில் பெயரே இருக்காது.

இரண்டுக்கும் வழி ஒன்றுதான். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து உங்கள் ரெக்கார்டு ஆபீஸுக்கு (உங்கள் படைப்பிரிவின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் அலுவலகம்) விண்ணப்பம் அனுப்ப வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், எம்.இ.ஜி. என்றால் பெங்களூரு, சிக்னல்ஸ் ஜபல்பூர், ஆர்ட்டிலரி நாசிக் ரோடு, இ.எம்.இ. செகந்திராபாத். பிறப்புச் சான்று, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ஆதார் இவற்றின் நகல்களை வைக்க வேண்டும். பெயர் வித்தியாசத்துக்கு, இரண்டு பெயரும் ஒரே பிள்ளையைக் குறிக்கும் என்று நோட்டரி முன் ஒரு அபிடவிட். ரெக்கார்டு ஆபீஸில் பார்ட் டூ ஆர்டர் (பணிப் பதிவில் மாற்றம் செய்யும் உத்தரவு) போட்டுத் திருத்துவார்கள். கடிதம் போய் வர மாதக்கணக்கில் ஆகலாம். விண்ணப்பத்துக்கான கடைசித் தேதி அதற்காகக் காத்திருக்காது.

ஆகவே என் யோசனை: பிள்ளை பத்தாவது முடித்த உடனே இந்த ஒப்பீட்டைச் செய்யுங்கள். மார்க் ஷீட்டில் எப்படி இருக்கிறதோ அதையே மூலமாக வைத்து, ஆதாரையும் ராணுவப் பதிவையும் அதற்கு ஏற்றபடி மாற்றுங்கள். மார்க் ஷீட்டை மாற்றப் போகாதீர்கள். அது இன்னும் நீண்ட வேலை. ஏற்கனவே கல்லூரியில் சேர்ந்துவிட்ட பிள்ளை என்றால், அபிடவிட்டையும் ரெக்கார்டு ஆபீஸுக்கு அனுப்பிய கடிதத்தின் நகலையும் எடுத்துக்கொண்டு நல அலுவலகத்தில் உதவி இயக்குநரை நேரில் பாருங்கள். முன்கூட்டியே பேசினால் என்ன செய்யலாம் என்று வழி சொல்வார்கள். கடைசி நாளில் போனால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

இந்த வேலை வீண்போகாது. பொறியியல் கலந்தாய்வில் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கென 150 இடங்கள் இருக்கின்றன அல்லவா, அந்தச் சான்றிதழுக்குப் போகும்போதும் இதே பெயரைத்தான் பார்ப்பார்கள்.

இரண்டாவது: மூன்று படிவங்கள்

இந்த உதவித்தொகையை நடத்தும் கேந்திரிய சைனிக் போர்டின் தளத்தில் (கே.எஸ்.பி. டாட் கவ் டாட் இன்) மூன்று அனெக்ஷர்கள், அதாவது இணைப்புப் படிவங்கள், இருக்கும். அந்த வருடத்துக்கு உரியதையே இறக்குங்கள். ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் பழைய தாள் வேண்டாம்.

முதலாவது, நீங்கள் முன்னாள் படைவீரர்தான் என்று நல அலுவலகம் கையெழுத்திட்டுத் தருவது. அப்பாவோ அம்மாவோ அடையாள அட்டை, டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. (பென்ஷன் ஆணை) ஆகியவற்றோடு நேரில் போவது நல்லது.

இரண்டாவது, கல்லூரியின் போனஃபைடு, அதாவது பிள்ளை அங்கே படிப்பதற்கான சான்று. கல்லூரி அலுவலகத்தில் தங்கள் லெட்டர்பேடில் ஒரு போனஃபைடு அடித்துக் கொடுத்து இதுவே போதும் என்பார்கள். போதாது. அனெக்ஷர் படிவத்திலேயே முதல்வரின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். எந்தப் படிப்பு, எத்தனை வருடம், எப்போது சேர்ந்தார், எந்த அமைப்பின் அங்கீகாரம் எல்லாம் நிரம்பியிருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, வங்கியின் சான்று. கணக்கு பிள்ளையின் பெயரில் இருக்க வேண்டும், ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். பள்ளியில் படிக்கும்போது திறந்த மைனர் கணக்கு என்றால், 18 முடிந்ததும் கே.ஒய்.சி. கொடுத்து மாற்றிய பிறகு சான்று வாங்குங்கள்.

மூன்றாவது: ஸ்கேன், பதிவு, விண்ணப்பம்

மொபைலில் போட்டோ எடுத்து ஏற்றாதீர்கள். நிழல் விழுந்து, ஓரம் வெட்டுப்பட்டு, டிஸ்சார்ஜ் புக்கின் பழைய மை தெரியாமல் போகும். பத்து, இருபது ரூபாய் செலவானாலும் பிளாட்பெட் ஸ்கேனரில், கலரில், ஒரிஜினலை வைத்து எடுங்கள். ஜெராக்ஸை ஸ்கேன் செய்ய வேண்டாம். தளம் கேட்கும் அளவுக்குக் குறைத்தபின் ஒவ்வொன்றையும் திறந்து, சீல் படிக்க முடிகிறதா என்று பாருங்கள்.

பிரவுசிங் சென்டரில் ஸ்கேன் செய்யலாம். விண்ணப்பத்தை வீட்டில் கம்ப்யூட்டரில் பிள்ளையே உட்கார்ந்து நிரப்பட்டும், அப்பா பக்கத்தில் இருந்து சர்வீஸ் விவரங்களைச் சொல்லட்டும். சென்டர்க்காரர் தன் மெயில் ஐ.டி.யைப் போட்டுவிட்டால், அடுத்த வருடம் புதுப்பிக்கும்போது கடவுச்சொல் யாரிடம் என்று தேட வேண்டிவரும். மெயிலும் போன் எண்ணும் உங்களுடையதாக இருக்கட்டும்.

சர்வீஸ் நம்பர், ரேங்க், சேர்ந்த தேதி, ஓய்வு தேதி எல்லாவற்றையும் டிஸ்சார்ஜ் புக்கைப் பார்த்தே போடுங்கள், நினைவிலிருந்து வேண்டாம். சமர்ப்பித்ததும் வரும் டாக் ஐ.டி. எண்ணை எழுதி வையுங்கள். விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று பார்க்க அதுதான் வேண்டும்.

அதோடு வேலை முடிந்தது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. பிரிண்ட் எடுத்து, எல்லா ஒரிஜினல்களோடும் நல அலுவலகத்துக்குப் போய்ச் சரிபார்ப்பை முடிக்க வேண்டும். அங்கிருந்து சென்னைக்கும், பிறகு டெல்லிக்கும் போகும். ஏதாவது குறை என்றால் திருப்பி அனுப்புவார்கள், மெயிலில் தகவல் வரும். வாரம் ஒருமுறை தளத்திலும் மெயிலிலும் பாருங்கள். திருத்திக் கொடுக்கத் தரும் அவகாசம் குறைவு.

அடுத்த வருடங்களில்

தானாக வராது. ஒவ்வொரு ஆண்டும் 50 சதவீதத்துக்கு மேல் எடுத்துத் தேர்ச்சி பெற்று, புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். அரியர் விழாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் பிள்ளையிடம் முதல் நாளே பேசிவிடுங்கள். கல்லூரி சி.ஜி.பி.ஏ. மட்டும் கொடுத்தால், அதைச் சதவீதமாக மாற்றி ஒரு கடிதமும் வாங்குங்கள்.

பிற்சேர்க்கை 1: மகன் பி.காம். படிக்கிறான், ஒன்றுமே கிடையாதா என்று ஒரு நண்பர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார். இருக்கிறது. பாதுகாப்பு அமைச்சரின் முன்னாள் படைவீரர் நல நிதியிலிருந்து, ஹவில்தார் மற்றும் அதற்குச் சமமான, கீழான ரேங்க்கில் ஓய்வு பெற்றவர்களின் இரண்டு பிள்ளைகள் வரைக்கும், ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டப்படிப்பு வரை கல்வி மானியம் உண்டு. மாதம் 1,000 ஆக இருந்ததை 2,000 ஆக்கிவிட்டார்கள். 2025 நவம்பர் 1 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு இது பொருந்தும். கணவரை இழந்தவர்கள் இரண்டு வருட முதுகலைப் படிப்புக்கும் இதைப் பெறலாம். விண்ணப்பம் அதே தளத்தில்தான். ஒன்றாம் வகுப்பிலிருந்தே கிடைக்கும் இதை விட்டுவிட்டு, ப்ளஸ் டூ முடிந்தபிறகே முதல்முறையாக நல அலுவலகத்துக்குப் போகிறவர்களைப் பார்த்தால் மனது கஷ்டப்படுகிறது.

பிற்சேர்க்கை 2: போரில் கணவரை இழந்த ஒரு சகோதரி, தன் பிள்ளைகளின் படிப்புக்கு உதவி கேட்டு எழுதியிருந்தார். அவருக்குச் சொல்வது: உங்கள் பிள்ளைகளுக்கு பி.எம். ஸ்காலர்ஷிப்புக்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு. போரில் உயிர்நீத்தவர், காணாமல் போனவர், ஊனமுற்றவர் பிள்ளைகளுக்குப் படிப்புக் கட்டணத்தையே அரசு ஏற்கும் சலுகை 1971 போரையொட்டி வந்தது. 2017இல் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் கிடையாது என்று ஒரு வரம்பு வைத்தார்கள். எதிர்ப்பு கிளம்பவே 2018 மார்ச்சில் அதை எடுத்துவிட்டார்கள். இன்னும் அந்த வரம்பு இருப்பதாக யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

பிற்சேர்க்கை 3: தேர்வுப் பட்டியலில் பெயர் வந்தும் பணம் வரவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். பிள்ளைக்கு இரண்டு வங்கிக் கணக்கு இருந்தால், கடைசியாக எந்தக் கணக்கில் ஆதாரை இணைத்தீர்களோ அதுவே அரசுப் பணத்துக்கான கணக்காக நிற்கும். ஆதார் தளத்தில் பிள்ளையின் எண்ணைப் போட்டு உள்ளே போனால், எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று காட்டும் பகுதி இருக்கிறது. அதில் வரும் வங்கியும், நீங்கள் சான்று வாங்கிக் கொடுத்த வங்கியும் ஒன்றா என்று முதலில் பாருங்கள். வேறாக இருந்தால் சான்று கொடுத்த வங்கிக்குப் பிள்ளையை அழைத்துப் போய், அந்தக் கணக்கில் ஆதாரை மறுபடி இணைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். பிறகு டாக் ஐ.டி.யோடு நல அலுவலகத்திலும் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள்.