ஸ்காட்லாந்து மூதாதையர்: பதிவேட்டில் அகப்படாதவரைத் தேடுவது எப்படி

ஸ்காட்லாந்துப் பதிவுகளில் ஒருவரைக் காணோம் என்றால், பெரும்பாலும் அவர் அங்கேதான் இருப்பார். நாம் தேடும் பெயரிலோ ஊரிலோ ஆண்டிலோ இருக்க மாட்டார், அவ்வளவுதான். அதனால் அதே பெயரை அதே கட்டத்தில் பத்து முறை தட்டிப் பயனில்லை. எழுதியவர் யார், சொன்னவர் யார், எதற்காக எழுதினார்கள் என்று ஒவ்வொரு பதிவையும் கேட்டுப் பார்ப்பதுதான் வேலை.

பிறப்பிலிருந்து தொடங்காதீர்கள், இறப்பிலிருந்து தொடங்குங்கள். ஸ்காட்லாந்தில் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசே கட்டாயமாகப் பதிவு செய்யத் தொடங்கியது 1855 ஜனவரி 1 முதல். இங்கிலாந்தைவிடப் பதினெட்டு ஆண்டு பிந்தி வந்தாலும், இந்தப் பதிவு விவரத்தில் கொழுத்தது. இறப்புப் பதிவில் இறந்தவரின் தாய், தந்தை இருவர் பெயரும் உண்டு. தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரும் உண்டு. எண்பது வயதில் 1860-ல் இறந்த கிழவரின் பதிவு, 1780 வாக்கில் பிள்ளை பெற்ற பெற்றோரின் பெயரைக் கையில் கொடுத்துவிடும். பழைய சர்ச் பதிவேட்டில் அந்தப் பிறப்பே இல்லாமல் போயிருக்கலாம்.

ஆனால் அந்தத் தகவலைச் சொன்னவர் இறந்தவர் அல்லவே. பதிவில் தகவல் தந்தவரின் கையெழுத்தும் உறவும் இருக்கும்; முதலில் அதைப் பாருங்கள். மகன் சொன்னதற்கும் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதற்கும் மதிப்பு ஒன்றல்ல. மாமியாரின் தாய் பெயரை மருமகன் குத்துமதிப்பாகச் சொல்வதும், மாற்றாந்தாயைப் பெற்ற தாயாகச் சொல்வதும் சகஜம்.

1855-ஆம் ஆண்டைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அந்த ஓராண்டு மட்டும் படிவத்தில் கேள்விகள் ஏராளம். பிறப்புப் பதிவில் பெற்றோரின் வயது, பிறந்த ஊர், திருமணமான நாளும் இடமும், முன்பு பிறந்த பிள்ளைகளின் எண்ணிக்கை வரை கேட்டார்கள். இறப்புப் பதிவில் துணையின் பெயரும் பிள்ளைகளின் பெயர், வயதும் வரும். எழுதுபவர்களுக்கு இது தாங்க முடியாத சுமை. 1856-லேயே பலவற்றை நீக்கிவிட்டார்கள். பெற்றோரின் திருமண நாளும் இடமும் 1861-ல்தான் பிறப்புப் பதிவுக்குத் திரும்பின. ஆகவே உங்கள் முன்னோர் அந்த ஆண்டில் பிறக்கவோ இறக்கவோ இல்லையென்றால், அவருடைய அண்ணன், அக்கா, தம்பி, தங்கை யாராவது அகப்படுகிறார்களா என்று பாருங்கள். தங்கைக்கு 1855-ல் பிறந்த குழந்தையின் பதிவு, தங்கை பிறந்த பாரிஷை, அதாவது ஒரு சர்ச்சுக்கு உட்பட்ட வட்டாரத்தை, சொல்லும். குடும்பம் இருந்த இடம் அதுவாக இருக்கலாம்.

தேடும் இடம் ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள் தளம். கணக்குத் திறந்தால் பெயர்ப் பட்டியலில் தேடுவது இலவசம். பக்கத்தின் படத்தைத் திறக்கத்தான் கிரெடிட் (தளத்தில் பணம் கொடுத்து வாங்கும் புள்ளி) செலவாகும். பிறப்புக்கு 100, திருமணத்துக்கு 75, இறப்புக்கு 50 ஆண்டு ஆகாதவற்றின் படம் தளத்தில் திறக்காது. சான்றிதழாகத்தான் வாங்க வேண்டும். கிரெடிட்டைக் கொட்டுமுன் பட்டியலிலேயே சலித்தெடுங்கள். பிறப்பு ஆண்டுக்கு முன்பின் ஐந்து ஆண்டு இடம் விட்டுத் தேடுவது நல்லது.

பெயர் விஷயத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். மக்கே என்பதை மெக்கே, மக்கீ, மெக்கி என்று காதில் விழுந்தபடி எழுதினார்கள். ‘மக்’ என்ற முன்னொட்டை எம் எழுத்தும் ஒரு மேற்கோள் குறியுமாகச் சுருக்கினார்கள். சில இடத்தில் அதையே விட்டுவிட்டார்கள். நட்சத்திரக்குறி எத்தனை எழுத்துக்கும், கேள்விக்குறி ஓர் எழுத்துக்கும் நிற்கும் என்பதால், உறுதியான மெய்யெழுத்துகளை மட்டும் தட்டி நடுவே நட்சத்திரம் போடுங்கள். முதற்பெயரும் நிலையானதல்ல. ஜேனட், ஜெசி, ஜீன், ஜேன் நான்கும் ஒரே பெண்ணாக இருக்கலாம். டொனால்டு என்பவர் தெற்கே வந்து டேனியல் ஆவார். பேட்ரிக், பீட்டர் ஆவார். ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக் பேசும் பகுதியில் குடும்பப்பெயரே மொழிபெயர்க்கப்பட்டது: கொல்லனைக் குறிக்கும் ‘கவ்’ சில குடும்பங்களில் ஸ்மித் ஆனது. மக்ரெகர் என்ற பெயருக்கு 1603-ல் தடை வந்தது. இடையில் தளர்ந்தாலும் முழுமையாக நீங்கியது 1774-ல்தான். அதுவரை பலர் கேம்பெல், மரே, டிரம்மண்டு என்று வேறு பெயரில் வாழ்ந்தார்கள். வடகோடித் தீவுகளான ஷெட்லாந்தில் 19-ஆம் நூற்றாண்டிலும் தந்தை பெயரே குடும்பப்பெயர்: மேக்னஸின் மகன் மேக்னஸன். அங்கே ஒரு தலைமுறைக்குப் பின் அதே குடும்பப்பெயரைத் தேடினால் ஏமாற்றமே.

பெண்களைத் தேடுவது ஸ்காட்லாந்தில் எளிது என்பது ஓர் ஆறுதல். சட்டப்படி அவர்கள் பிறந்த வீட்டுப் பெயரை இழக்கவில்லை. இறப்புப் பட்டியலில் பிறந்த வீட்டுப் பெயரிலும் கணவர் பெயரிலும் இடம்பெறுவார்கள். கல்லறைக் கல்லிலும் பிறந்த வீட்டுப் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். கணவர் இறந்தபின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பழைய பெயருக்கே திரும்பிய பெண்களும் உண்டு. கைம்பெண் ஒருத்தி திடீரென மாயமானால், அடுத்த திருமணத்தைத் தேடுமுன் இதைச் சோதியுங்கள்.

கணக்கெடுப்பு 1841 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை, 1921 வரை பார்க்கலாம். 1841-ஐ நம்பும்போது கவனம்: பதினைந்து வயதுக்கு மேல் ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 39 வயதுக்காரர் 35 ஆவார். உறவு முறை எழுதவில்லை. பிறந்த ஊரும் இல்லை, அந்தக் கவுண்டியில் (மாவட்டத்தில்) பிறந்தாரா இல்லையா, இல்லையென்றால் இங்கிலாந்தா அயர்லாந்தா வெளிநாடா என்பது மட்டும்தான். ஊர் தெரிய 1851-ஐப் பாருங்கள். கணக்கெடுப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை வரிமதிப்புப் பட்டியல்கள் நிரப்பும். அவை 1855-லிருந்து ஆண்டுதோறும் வீட்டுச் சொந்தக்காரரையும் குடியிருப்பவரையும் காட்டுகின்றன.

திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளையைத் தேடும்போது பதிவின் இடது ஓரத்தைப் பார்க்காமல் பக்கத்தை மூடாதீர்கள். தந்தை தானும் வந்து கையெழுத்திட்டால் ஒழிய அவர் பெயர் ஏறாது. குழந்தை தாயின் பெயரில் நிற்கும். பின்னால் நீதிமன்றத்தில் தந்தை யார் என்று தீர்ப்பானால், ஓரத்தில் ஒரு சிறு குறிப்பு எழுதி, திருத்தங்களுக்கென்றே இருக்கும் தனி ஏட்டின் பக்கத்தைக் காட்டுவார்கள். அந்தப் பக்கத்தில் தந்தையின் பெயர், தொழில், தீர்ப்பு நாள் எல்லாம் கிடைக்கும். சந்தேகத்துக்குரிய சாவுகளின் காரணமும் இதே ஏட்டில் திருத்தப்படும். இன்னொன்று, பெற்றோர் பிற்பாடு மணந்தால் ஸ்காட்லாந்துச் சட்டம் குழந்தையை முறையான பிள்ளையாக ஏற்றது. அதனால் பிறப்பில் தாய் பெயரும், கணக்கெடுப்பில் தந்தை பெயருமாக ஒரே குழந்தை இருவராகத் தெரியும்.

1855-க்கு முன்னால் போனால் ஸ்காட்லாந்துச் சர்ச்சின் பழைய பாரிஷ் பதிவேடுகள்தான் கதி. மிகப் பழையது எரோல் என்ற ஊருடையது, 1553. ஆனால் பல பாரிஷ்களில் ஏடு மிகத் தாமதமாகவே தொடங்குகிறது. பெற்றோரே பதிவதை அவசியமாக நினைக்கவில்லை. 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி போட்டார்கள்; ஏழைகள் பதிவையே விட்டுவிட்டார்கள். அந்தப் பத்தாண்டில் ஆள் இல்லையென்றால் கவலைப்படாமல் முன்னும் பின்னும் பிறந்த உடன்பிறப்புகளைப் பாருங்கள். 1843-ல் சர்ச் பிளந்தபின், பிரிந்து உருவான சுதந்திர சர்ச்சுக்குப் போனவர்களின் ஞானஸ்நானம் இந்த ஏடுகளில் பெரும்பாலும் வராது.

திருமணப் பதிவு என்று நாம் நினைப்பது பல நேரம், திருமணம் நடக்கப்போகிறது என்று சர்ச்சில் அறிவித்த நாளைத்தான் சொல்லும். மணமகன் பாரிஷிலும் மணமகள் பாரிஷிலும் தனித்தனியே அறிவித்தார்கள். ஒன்றில் இல்லாத விவரம், உதாரணமாகப் பெண்ணின் தந்தை பெயர், மற்றதில் கிடைக்கலாம். இரண்டையும் திறந்து பாருங்கள். சர்ச்சிலேயே நடக்காமல், சாட்சி முன்னிலையில் ‘நாங்கள் கணவன் மனைவி’ என்று சொல்லிக்கொண்டாலே சட்டப்படி செல்லுபடியானது. அந்த முறை 1940 வரை நீடித்தது. அப்படி மணந்தவர்களை, சர்ச் ஊழியர்கள் கண்டித்த சபைக் கூட்டக் குறிப்புகளில் தேட வேண்டும். மரண ஏடு இல்லாத இடத்தில், பிணப்பெட்டியின் மேல் விரிக்கும் துணிக்கு வாடகை வாங்கிய கணக்கே சாவுக்குச் சாட்சி.

பெயர் வைக்கும் வழக்கமும் கைகொடுக்கும்: மூத்த மகனுக்குத் தந்தைவழித் தாத்தா பெயர், இரண்டாமவனுக்குத் தாய்வழித் தாத்தா பெயர், மூத்த மகளுக்குத் தாய்வழிப் பாட்டி பெயர், அடுத்தவளுக்குத் தந்தைவழிப் பாட்டி பெயர். இது துப்பு மட்டும், சான்று அல்ல. குழந்தை சிறுவயதில் இறந்தால் அதே பெயரை அடுத்த குழந்தைக்கு வைப்பார்கள்; ஒரே வீட்டில் இரண்டு ஜேம்ஸைக் கண்டு குழம்ப வேண்டாம்.

எதிலும் சிக்காத ஏழைக் குடும்பம் என்றால் கிளாஸ்கோவில் மிட்செல் நூலகத்தில் இருக்கும் நகர ஆவணக் காப்பகத்தின் ஏழைகள் நிவாரண விண்ணப்பங்களைப் பாருங்கள். 1845 சட்டப்படி எந்தப் பாரிஷ் செலவை ஏற்க வேண்டும் என்று நிரூபிக்க வேண்டியிருந்ததால், பிறந்த ஊர், பெற்றோர், முன்பு குடியிருந்த முகவரிகள், பிள்ளைகளின் வயது எல்லாவற்றையும் துருவிக் கேட்டு எழுதினார்கள். அயர்லாந்தில் பிறந்தவர் என்று கணக்கெடுப்பு ஒற்றைச் சொல்லில் முடித்துவிடும் இடத்தில், இந்த விண்ணப்பம் ஊர்ப் பெயரையே தந்துவிடும் வாய்ப்பு உண்டு.