கார் சாவி தொலைஞ்சாலோ ஒடைஞ்சாலோ என்ன பண்ணணும்: டர்பன்ல நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது

போன டிசம்பர்ல மாமனாரும் மாமியாரும் ஊர்லேர்ந்து இங்க தென்னாப்பிரிக்காவுக்கு, டர்பனுக்கு வந்திருந்தாங்க. ஞாயித்துக்கிழமை காலைல நார்த் பீச்சுக்குக் கூட்டிட்டுப் போனேன், முழங்கால் தண்ணிதானேன்னு கார் சாவிய ஷார்ட்ஸ் பாக்கெட்டுலயே வச்சுக்கிட்டு எறங்கிட்டேன், ஒரு அலை வந்து பொரட்டிப் போட்டுச்சு பாருங்க, எந்திரிச்சு பாக்கெட்டத் தடவினா மண்ணுதான் இருக்கு. காரு செகண்ட் ஹேண்ட்ல வாங்கின போலோ விவோ. வாங்கும்போதே ஒரே ஒரு சாவிதான், ஸ்பேர் அப்புறமா போட்டுக்கலாம்னு ரெண்டு வருஷமா தள்ளிக்கிட்டே வந்தேன். மாமனார் ஈர வேட்டியோட பார்க்கிங்ல நின்னு "மாப்ள, இன்னொரு சாவி வீட்ல இருக்கும்ல?"ன்னு கேட்டாரு. நான் முழிச்ச முழி இருக்கே.

அன்னிக்கு யாராவது வரிசையா சொல்லிக் குடுத்திருந்தா அரை நாளும் கொஞ்சம் காசும் மிச்சமாயிருக்கும். அதான் எழுதுறேன். காரப் பத்தி ஒண்ணும் தெரியாதவங்களுக்கு எழுதினது, தெரிஞ்சவங்க தாண்டிப் போயிருங்க.

ஸ்டெப் 1: எது போச்சுன்னு மொதல்ல பாருங்க

சாவி கையில இருக்கு ஆனா வேலை செய்யலன்னா, ஒடனே புதுச் சாவிக்கு ஓடாதீங்க. இப்போ வர்ற சாவிக்குள்ள மூணு சாமான் ஒண்ணா இருக்கு. ஒண்ணு உலோக பிளேடு, பூட்டுக்குள்ள போற பாகம். ரெண்டாவது ரிமோட், பட்டன அமுக்கினா கதவு தொறக்கிறது. மூணாவது கண்ணுக்கே தெரியாத ஒரு சின்ன சிப், டிரான்ஸ்பாண்டர்னு சொல்லுவாங்க. இந்த சிப்புக்கு பேட்டரியே வேண்டாம். சாவி போடுற ஓட்டையச் சுத்தி ஒரு காயில் இருக்கு, அதுலேர்ந்து கரண்ட் வாங்கிக்கிட்டுதான் சிப்பு "நான்தான் ஒன்னோட சாவி"ன்னு காருக்குப் பதில் சொல்லும். பதில் சரியில்லன்னா இம்மொபிலைசர் இன்ஜின ஓட விடாது.

இது புரிஞ்சா நோய் என்னன்னு நீங்களே கண்டுபிடிச்சிரலாம். பட்டன் வேலை செய்யல, ஆனா சாவியத் திருகினா வண்டி ஸ்டார்ட் ஆகுதுன்னா பெரும்பாலும் பேட்டரிதான். வண்டி ஸ்டார்ட் ஆகி ஒரு செகண்ட்ல நின்னு போகுது, இல்ல ஸ்டார்ட்டே ஆகல, டேஷ்போர்டுல சாவி படமோ பூட்டு படமோ மினுக்குதுன்னா சிப்பு பக்கம் கோளாறு. பட்டன் ஸ்டார்ட் வண்டிகள்ல ஃபாபோட (சாவிக்குப் பதிலா கையில வச்சிருக்கிற ரிமோட்டோட) பேட்டரி செத்துட்டாலும் பயப்படாதீங்க, அதுக்குள்ளயே ஒரு குட்டி சாவி ஒளிஞ்சிருக்கும், அதுல கதவத் தொறந்துட்டு ஃபாப ஸ்டார்ட் பட்டன் மேல ஒட்டி வச்சு அமுக்கினா நெறைய வண்டி எடுத்துக்கும். சில வண்டில வைக்கிற எடம் வேற, மேனுவல்ல படம் போட்டே இருக்கு.

இன்னொண்ணு. ஒரு மால் பார்க்கிங்ல மட்டும் ரிமோட் வேலை செய்யல, வெளிய வந்தா செய்யுதுன்னா சாவி மேல தப்பு இல்லாம இருக்கலாம். இங்க டர்பன்ல ரிமோட் ஜாமிங் திருட்டு உண்டு, கதவு பூட்டாதபடி ரிமோட் சிக்னலத் திருடன் தடுத்துருவான். கதவக் கையால ஒரு தடவ இழுத்துப் பாக்காம நகராதீங்க.

ஸ்டெப் 2: பேட்டரியா? ரெண்டு நிமிஷ வேலை

சாவியோட பின்பக்க ஓரத்துல ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். தட்டை ஸ்க்ரூடிரைவர் நுனியில துணி சுத்தி மெதுவா நெம்புங்க, டப்புன்னு ரெண்டா பிரியும். பழைய பேட்டரிய எடுக்கிறதுக்கு முன்னாடி ஃபோன்ல ஒரு போட்டோ எடுத்துக்கோங்க, பிளஸ் பக்கம் மேலயா கீழயான்னு அப்புறம் கொழம்பும். பேட்டரி மேலயே நம்பர் எழுதியிருக்கும், நெறைய சாவியில சிஆர் 2032. அந்த நம்பருக்கு அர்த்தம் இருக்கு, 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம். 2025 வாங்கிட்டு வந்து காகிதத்த மடிச்சு சொருகுறவங்கள நான் பாத்திருக்கேன், வேண்டாம். பழைய பேட்டரிய மேஜை மேல விட்டுட்டுப் போகாதீங்க, சின்னப் புள்ளைங்க முழுங்கினா தொண்டையவே அரிச்சிரும், ரொம்ப ஆபத்து.

ஸ்டெப் 3: ஒடைஞ்ச சாவி

பிளாஸ்டிக் கூடு மட்டும் ஒடைஞ்சிருந்தா காலி ஷெல் வாங்கி உள்ளிருக்கிற போர்ட மாத்திக்கலாம், சல்லிசா முடியும். ஆனா இங்கதான் பல பேரு மண்ணைக் கவ்வுறாங்க. நெறைய சாவியில அந்த சிப்பு போர்டுல இருக்காது, தனியா, அரிசி மணிய விடக் கொஞ்சம் பெருசா ஒரு கண்ணாடிக் குப்பியாவோ கறுப்புத் துண்டாவோ கூட்டோட மூலையில ஒட்டியிருக்கும். போர்ட மட்டும் மாத்திட்டு பழைய கூட்டக் குப்பையில போட்டா, மறுநாள் கதவு தொறக்கும், வண்டி கெளம்பாது. என் ஃப்ரெண்ட் ஒருத்தன் அதுக்காக சாட்ஸ்வொர்த்ல வீட்டு வாசல்ல குப்பைப் பையக் கொட்டி வச்சுத் தேடினான். கெடச்சுது, மீன் செதிலோட.

பிளேடு ரெண்டா ஒடைஞ்சா ரெண்டு துண்டையும் பத்திரப்படுத்துங்க, அத வச்சே புது பிளேடு வெட்ட முடியும். ஒரு துண்டு பூட்டுக்குள்ள மாட்டிக்கிச்சுன்னா சூப்பர் குளூ ஊத்தி இழுக்கிற வேலையெல்லாம் வேண்டாம், பூட்டும் சேந்து போயிரும்.

ஸ்டெப் 4: தொலைஞ்சா மொதல்ல வண்டியக் காப்பாத்துங்க

என் சாவி கடலுக்குள்ள போச்சு, யாரும் எடுத்துட்டு வந்து வண்டிய ஓட்ட மாட்டான். ஒங்க சாவி பையோட திருடு போயிருந்தா, அந்தப் பையில வீட்டு அட்ரஸும் இருந்தா, கதையே வேற. வண்டிய அங்கேயே விட்டுட்டு வீட்டுக்குப் போயிராதீங்க. வீட்டு கேட்டுக்குள்ள இழுத்து வைங்க, முடியலன்னா வேற வண்டிய முன்னாடி நிறுத்தி மறிச்சு வைங்க, டிராக்கர் கம்பெனிக்கு ஃபோன் போட்டு சொல்லிருங்க. வீட்டுச் சாவியும் அதே வளையத்துல இருந்திருந்தா வீட்டுப் பூட்டையும் மாத்தணும்.

ஸ்டெப் 5: ஒரு சாவியாவது மிச்சம் இருக்கா?

செலவ முடிவு பண்றதே இந்தக் கேள்விதான். வேலை செய்யற ஒரு சாவி இருந்தா, அத வச்சு இன்னொண்ண சேக்கிறது பல வண்டிக்கு லேசான வேலை. எல்லா சாவியும் போயிருச்சுன்னா பூட்டத் தொறக்கணும், பிளேடோட வெட்டு என்னன்னு கண்டுபிடிக்கணும், காரோட கம்ப்யூட்டர்லேர்ந்து ரகசிய எண் எடுக்கணும், சில வண்டிக்கு அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியவே கழட்டணும். லாக்ஸ்மித்துங்க (பூட்டு, சாவி வேலை பாக்கிறவங்க) பேச்சுல இதுக்கு "ஆல் கீஸ் லாஸ்ட்"னு தனி ரேட்டு. கண்ணு கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு சொல்லுவாங்களே, நான் அந்தக் கட்சி. நீங்க ஒத்தச் சாவி வச்சுக்கிட்டு இதப் படிக்கிறீங்கன்னா இந்த வாரமே போய் ரெண்டாவது போடுங்க.

ஸ்டெப் 6: பேப்பருங்க

வண்டி ஒங்களோடதுதான்னு நிரூபிக்காம நல்ல ஆளு எவனும் சாவி போட்டுத் தர மாட்டான். போட்டுத் தரேன்னு சொன்னா அவன்கிட்ட போகாதீங்க. வேண்டியது: ஐடி கார்டு, டிரைவிங் லைசென்ஸ், வண்டியோட ரெஜிஸ்ட்ரேஷன் சர்டிஃபிகேட். லோன்ல வாங்கின வண்டின்னா ஒரிஜினல் பேங்க்லதான் இருக்கும், காப்பி கேட்டு ஈமெயில் போடுங்க, அது வர ஒரு ரெண்டு நாள் ஆனாலும் ஆகும்.

வின் நம்பர் கேப்பாங்க, எழுத்தும் எண்ணுமா 17 இருக்கிற வண்டியோட அடையாள நம்பர் அது. பேப்பரெல்லாம் பூட்டின காருக்குள்ள இருக்கேன்னு நான் பார்க்கிங்ல தவிச்சுக்கிட்டு நின்னேன், கார் கார்டு வேலை பாக்கிற பையன், அதாவது பார்க்கிங்ல வண்டிகளக் காவல் பாக்கிறவன், வந்து முன் கண்ணாடிய விரலால தட்டிக் காமிச்சான். லைசென்ஸ் டிஸ்க்! கண்ணாடியோட இடது கீழ் மூலையில ஒட்டியிருக்கிற அந்த வட்டத்துலயே வின், இன்ஜின் நம்பர், ரெஜிஸ்டர் நம்பர் எல்லாம் அச்சடிச்சிருக்கு. கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்ச கதை. அவனுக்கு அன்னிக்கு வழக்கத்த விட நல்லா குடுத்தேன்.

அடுத்தது அஃபிடவிட், அதாவது சத்தியம் பண்ணி எழுதிக் குடுக்கிற வாக்குமூலம். தொலைஞ்சதுக்கு இத டீலரும் கேக்கலாம், இன்சூரன்ஸும் கேக்கலாம். எந்த போலீஸ் ஸ்டேஷனுக்கும் போகலாம், காசு கெடையாது. எப்போ, எங்க, எப்படித் தொலைஞ்சுது, வண்டி நம்பர், வின் எல்லாம் எழுதிக்கோங்க, ஆனா கையெழுத்து மட்டும் வீட்லயே போட்டுட்டுப் போயிராதீங்க, ஆபீசர் கண்ணு முன்னாடிதான் போடணும். அவங்க மூணு கேள்வி கேப்பாங்க: இதுல எழுதியிருக்கிறது ஒங்களுக்குத் தெரியுமா புரியுதா, சத்தியம் பண்றதுல ஆட்சேபணை உண்டா, அந்தச் சத்தியம் ஒங்க மனசாட்சியக் கட்டுப்படுத்தும்னு ஒத்துக்கிறீங்களா. என்னைக் கேட்ட அம்மா நான் எழுதினதப் படிச்சுட்டு "கடலா?"ன்னு ஒரு தடவ நிமிந்து பாத்தாங்க, சிரிப்ப அடக்கிக்கிட்டே முத்திரை குத்தினாங்க. திருடு போயிருந்தா அஃபிடவிட் பத்தாது, கேஸ் போட்டு கேஸ் நம்பர் வாங்கிருங்க.

ஸ்டெப் 7: காசு குடுக்கிறதுக்கு முன்னாடி இன்சூரன்ஸ்

பாலிசியில சாவி, பூட்டு, ரிமோட்டுக்குன்னு தனியா ஒரு வரி இருக்கான்னு பாருங்க. இருந்தா மொதல்ல அவங்களுக்கு ஃபோன், அப்புறம்தான் வேலை. எக்ஸெஸ் (கிளெய்ம்ல நம்ம கையிலேர்ந்து போடுற பங்கு) எவ்வளவுன்னும் கேட்டுக்கோங்க, செலவே எக்ஸெஸ விடக் கம்மின்னா கிளெய்ம் போட்டு ஒண்ணும் ஆகப்போறதில்ல.

ஸ்டெப் 8: டீலரா, லாக்ஸ்மித்தா?

டீலர்கிட்ட ஒரிஜினல் சாவி, ஆனா ஆர்டர் போட்டு வர நாளாகும், வண்டிய அங்க கொண்டு போகணும், சாவி இல்லாத வண்டி தானா போகாது, டோயிங் காசு தனி. "ஜஸ்ட் நவ் வந்துரும்"னு சொன்னா, இந்த நாட்டுல ஜஸ்ட் நவ்னா இப்போ இல்லங்கிறது புதுசா வந்தவங்களுக்கு. ஆட்டோ லாக்ஸ்மித் வண்டி நிக்கிற எடத்துக்கே வருவாரு, பெரும்பாலும் வெலையும் கம்மி. ரொம்பப் புது மாடலுக்கும் சில வெளிநாட்டு சொகுசு வண்டிக்கும் டீலர விட்டா வேற வழி இல்லாமப் போகலாம்.

நான் மொதல்ல கூப்பிட்ட ஆளு ஃபோன்ல ஒரு ரேட்டு சொன்னாரு, வந்து எறங்கினதும் ரெண்டு மடங்கு சொன்னாரு, அனுப்பிட்டேன். அதுக்கப்புறம் ஃபோன்லயே இதெல்லாம் கேட்டு, வாட்ஸ்அப்ல எழுதியும் வாங்கிக்கிட்டேன்: வர்ற கூலி சேத்தா? பிளேடு, சிப்பு, ரிமோட் மூணும் சேத்தா? 15 சதவீத வாட் உள்ளயா வெளியவா? புரோகிராம் ஆகலன்னா காசு குடுக்கணுமா? வாரண்டி எத்தன மாசம்? பிசிரா நம்பரும் கேளுங்க, செக்யூரிட்டி தொழில் பண்றவங்களப் பதிவு பண்ற இங்கத்த அமைப்பு அது. 2001ஆம் வருஷத்து செக்யூரிட்டி சட்டத்துல லாக்ஸ்மித் வேலையும் வருது, ஒழுங்கான ஆளு கேட்டா சொல்லுவாரு.

ஸ்டெப் 9: வேலை நடக்கிற நேரம்

ரெண்டாவதா வந்தவரு அறுபது வயசு இருக்கும், டர்பன்லயே ஃபீனிக்ஸ்ங்கிற ஏரியாக்காரரு, நாலு தலைமுறையா இங்கதானாம். "வணக்கம் தம்பி, ஒண்ணும் பயம் இல்ல"ன்னு ஆரம்பிச்சவரு, அவ்வளவுதான் தமிழு, மிச்சமெல்லாம் இங்கிலீஷ்தான். அவரோட பக்கி (இங்க பிக்கப் வண்டிய அப்படித்தான் சொல்லுவாங்க) பின்னாடி சின்னதா ஒரு கட்டிங் மெஷின். கதவுப் பூட்டுக்குள்ள ஒரு மெல்லிசுக் கருவிய விட்டு ஒவ்வொரு தகடையும் தடவித் தடவி எண்ணி ஒரு சிகரெட் அட்டையில எழுதினாரு, அந்த எண்ண மெஷின்ல போட்டதும் கிர்ருனு பித்தளைத்தூள் மாதிரி பறந்து பிளேடு வந்துச்சு. கதவு தொறந்துச்சு. ஸ்டியரிங்குக்குக் கீழ ஓபிடி சாக்கெட்ல (காரோட கம்ப்யூட்டரோட பேசுற பிளக் பாயிண்ட்) அவரோட டேப்லெட்ட மாட்டறதுக்கு முன்னாடி கார் பேட்டரியில ஒரு சார்ஜர் மாட்டினாரு. எதுக்கு அங்கிள்னு கேட்டேன், நடுவுல வோல்டேஜ் எறங்கினா கம்ப்யூட்டர் கெட்டுப் போற ஆபத்து இருக்குன்னாரு. ஒங்க ஆளு இதச் செய்யலன்னா நீங்க கேளுங்க.

மிச்சச் சாவி ஏதாவது இருந்தா எல்லாத்தையும் அங்க கொண்டு போங்க. பல வண்டியில பழைய சாவிகள அழிச்சுட்டு கையில இருக்கிறத மட்டும் மறுபடி பதிவு பண்ணலாம், தொலைஞ்ச சாவியால அப்புறம் வண்டிய ஸ்டார்ட் பண்ண முடியாது. ஆனா அதோட பிளேடு கதவ இன்னும் தொறக்கும், திருடு போன கேஸ்னா இத மறந்துராதீங்க.

காசு குடுக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சாவியிலயும் வண்டிய ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிஷம் ஓட விடுங்க. டிரைவர் கதவ பிளேடால தொறங்க. டிக்கிய ரிமோட்டால தொறங்க. எத்தன சாவி பதிவாகியிருக்குன்னு அவரோட திரையில காட்டச் சொல்லுங்க, ஒங்க கையில ரெண்டு இருந்து அதுல மூணுன்னு வந்தா விசாரிக்கணும்.

ஸ்டெப் 10: ஸ்பேர் சாவி

அன்னிக்கே ரெண்டு சாவி போட்டுக்கிட்டேன், ரெண்டாவதுக்கு அவரு கேட்டது மொதல்ல இருந்ததுல சின்னப் பங்குதான். அது இப்போ சாமி ரூம்ல விபூதி டப்பா பக்கத்துல தொங்குது. மாமியார் ஊருக்குக் கெளம்பின அன்னிக்கு அதுக்கும் ஒரு பொட்டு வச்சுட்டுப் போயிருந்தாங்க, சரியா பட்டன் மேல, இன்னும் மஞ்சளா இருக்கு. மாசத்துக்கு ஒரு தடவ அத எடுத்து வண்டிய ஓட்டிப் பாக்கறேன். அவங்க இருந்த வரைக்கும் பீச்சுக்குப் போனா சாவி மாமனார்கிட்டதான் இருந்துச்சு, அன்னிக்கப்புறம் அவரு தண்ணியில எறங்கவே இல்ல.