டிராக்கில் ஓட்டப்போகும் மியாட்டாவுக்கு எந்த ஆயில் ஊற்றுவது?

மாஸ்டாவின் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரான மியாட்டாவை வாங்கியவர்கள் முதலில் கேட்பது இன்ஜின் ஆயிலைப் பற்றித்தான். டிராக்குக்கு, அதாவது பந்தயத் தடத்துக்குப் போகிற எண்ணம் இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது பிரேக் ஆயில். இன்ஜின் ஆயில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் வண்டி ஓடிவிடும், பிரேக் ஆயில் கொதித்துவிட்டால் வண்டி நிற்காது. 1989-ல் வந்த, முகப்பு விளக்கு மேலே எழும்புகிற முதல் தலைமுறை வண்டியை வைத்தே சொல்கிறேன்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும், ஈரம் ஏற ஏற கொதிநிலை இறங்கும். டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக் குறியீடு. டாட் 3 தரத்துக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு 140. டாட் 4-க்கு அதே கணக்கு 230, 155. நேர்ச்சாலையின் முடிவில் திரும்பத் திரும்ப அழுத்திப் பிடிக்கும்போது காலிப்பருக்குள் (சக்கரத்தில் பிரேக் பேடை அழுத்தும் பாகம்) இருக்கும் ஆயில் கொதித்துக் குமிழி வந்தால், பெடல் பஞ்சு மாதிரி தரைவரை போய்விடும். அதனால் வண்டியோடு வரும் மேனுவல் புத்தகத்தில் டாட் 3 என்று இருந்தாலும் தைரியமாக டாட் 4 ஊற்றலாம், இரண்டும் ஒரே குடும்பம். டிராக்குக்கு அடிக்கடி போகிறவர் என்றால் மோட்டுல் ஆர்பிஎஃப் 600 போன்ற ஒன்றுக்குப் போங்கள், புதிதில் அதன் கொதிநிலை 312. ஆனால் இப்படிப்பட்ட ஆயிலைச் சாதாரண டாட் 4-ஐ விட அடிக்கடி மாற்ற வேண்டும். டாட் 5 மட்டும் வேண்டவே வேண்டாம், அது சிலிகோன், மற்றவற்றோடு சேராது. டாட் 5.1 வேறு, அது சேரும். திறந்து மாதக்கணக்கில் கிடந்த பாட்டிலை ஊற்றாதீர்கள். பெயின்ட்டில் ஒரு சொட்டு விழுந்தாலும் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், இல்லாவிட்டால் பெயின்ட் உரிந்துவிடும்.

அடுத்து கியர்பாக்ஸ். இங்கேதான் கடைக்காரர் சொல்வதைக் கேட்டு ஏதோ ஒன்றை ஊற்றிவிட்டு, காலையில் இரண்டாவது கியர் விழவில்லை என்று தவிக்கிறார்கள். கியர் மாற்றும்போது சிங்க்ரோ வளையம் உரசித்தான் இரண்டு பக்க வேகத்தையும் சமப்படுத்துகிறது, அதற்கு ஓரளவு பிடிமானம் வேண்டும். ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பவை கியர் ஆயிலின் தர வகைகள். ஜிஎல்-5 ஆயிலில் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மானம் அதிகம். பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும், பல் மேல் பல் வழுக்கி அழுந்துகிற டிஃபரன்ஷியலுக்கு அது அருமையான ஆயில், சிங்க்ரோவுக்கு அவ்வளவு நல்லதில்லை. மேனுவல் புத்தகம் கியர்பாக்ஸுக்கு இரண்டு வகையையும் அனுமதிக்கிறது, ஆனாலும் என் தேர்வு கியர்பாக்ஸுக்கு 75டபிள்யூ-90 (ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண்) ஜிஎல்-4, பின்னால் டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5. பல்சக்கரங்களாலேயே வேலை செய்யும் டார்சென் வகை டிஃபரன்ஷியலுக்குத் தனியாகச் சேர்மானம் எதுவும் தேவையில்லை. யாராவது கிளட்ச் தட்டு வைத்த எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்) மாட்டியிருந்தால், அதைச் செய்த கம்பெனி சொல்கிற ஆயில்தான்.

இன்ஜினுக்குத் தெருவில் ஓட்ட 5டபிள்யூ-30 போதும். கடும் வெயிலில் டிராக்கில் விரட்டப்போகிறீர்கள் என்றால் 5டபிள்யூ-40, ஏனென்றால் சூட்டிலும் அதன் படலம் தடிமனாக நிற்கும். அதற்காக 20டபிள்யூ-50 வரை போக வேண்டாம். இந்த இன்ஜினில் ஹைட்ராலிக் லிஃப்டர் (ஆயில் அழுத்தத்தால் வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் பாகம்) இருக்கிறது, குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போது கெட்டியான ஆயில் மேலே போய்ச் சேரத் தாமதமானால் டிக் டிக் என்ற சத்தம் நீளும். எதை ஊற்றினாலும் டிப்ஸ்டிக்கில் மேல்கோட்டில் வைத்திருங்கள். இதில் மொத்தமே நாலு லிட்டருக்குள்தான், நீண்ட வளைவில் ஆயில் ஒருபக்கம் ஒதுங்கினால் பம்ப் காற்றை உறிஞ்சும்.

இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டை நிறம் பார்த்து வாங்காதீர்கள், ஒரே பச்சையில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத ரகங்கள் உண்டு. அலுமினியத்துக்கு ஏற்றது என்று போட்டிருப்பதை வாங்கி, டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி கலந்தால் சரி. ஊற்றும்போது ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் பகுதியைப் பாருங்கள். கறுப்பாக இருக்க வேண்டியது பழுப்பாக மாறியிருந்தால் அது எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும், கூலன்ட்டுக்கு முன்னால் ரேடியேட்டரை மாற்றுங்கள். பவர் ஸ்டீயரிங் இருந்தால் டெக்ஸ்ரான் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்), அவ்வளவுதான்.

அப்புறம் ஒன்று. கியர்பாக்ஸிலும் டிஃபரன்ஷியலிலும் பழைய ஆயிலை இறக்குவதற்கு முன், மேலே இருக்கும் நிரப்பும் போல்ட்டை முதலில் கழற்றிப் பாருங்கள். அது துருப்பிடித்து இறுகியிருந்தால், எல்லாவற்றையும் வடித்துவிட்ட பிறகு புது ஆயிலை உள்ளே ஊற்ற வழியே இருக்காது.