லெகோல பந்து தூக்குற லிஃப்ட் கட்டும்போது பண்ற தப்புங்க

லிஃப்ட் நின்னுட்டா நம்ம தண்டையார்பேட்டை, பெரம்பூர் பசங்க மொதல்ல சொல்றது "அண்ணா, மோட்டாருக்கு பவர் பத்தல"ன்னுதான். மோட்டாரை கழட்டிட்டு கையால சுத்திப் பாருங்க, எங்க இறுகுதுன்னு விரலுக்கே தெரியும். பெரும்பாலும் பிரச்சனை மேல தூக்குற எடத்துல இல்ல, பந்து உள்ள நுழையுற வாய்லதான்.

அந்த வாயை கிட்ட போய் பாருங்க. லெகோ பந்து சுமார் 14 மில்லிமீட்டர், ஒரு ஸ்டட் (பிரிக் மேல இருக்குற குமிழ், அதை வெச்சுதான் அகலத்தை அளக்குறோம்) 8 மில்லி. ஈஸியா போகட்டும்னு வழியை 3 ஸ்டட் விட்டா 24 மில்லி ஆகுது, ரெண்டு பந்து பக்கத்துல பக்கத்துல போக 28 வேணும், அதனால ரெண்டும் ஒண்ணா மூக்கை நுழைச்சு அப்படியே மாட்டிக்கும், பின்னாடி நிக்கிற பந்துங்க வெயிட்டு அதை இன்னும் இறுக்கும். மின்ட் தெரு முக்குல ரெண்டு ஆட்டோ ஒரே நேரத்துல நுழைஞ்ச மாதிரிதான். 2 ஸ்டட் விடுங்க, வரிசையா வரும். அதோட பந்தைக் கொட்டி வெக்கிற தொட்டிக்குள்ள ஏதாவது ஒண்ணு ஆடிட்டே இருக்கணும், லிஃப்ட் ஓடுற அதே ஆக்சில்ல ஒரு லிவரை மாட்டி தொட்டித் தரையை லேசா ஏத்தி எறக்கினாலே போதும், பந்து அடைச்சு நிக்காது.

பந்து கிடைக்கலன்னு கோலி போடாதீங்க ப்ளீஸ். சாதாரண கோலியே 16 மில்லி வரும், 2 ஸ்டட் வழியில போய் டைட்டா உக்காந்துக்கும், கண்ணாடி வெயிட் வேற.

படி படியா தூக்குற லிஃப்ட்ல, அதாவது நிலையான படிங்களுக்கு நடுவுல ஏறி எறங்குற படிங்க பந்தை மேல தள்ளுற லிஃப்ட்ல, எல்லாரும் கோட்டை விடறது உயரத்துல. நடுவுல இருந்து 1 ஸ்டட் தள்ளி கிராங்க் (சுத்துறதை ஏத்த எறக்கமா மாத்துற கை) வெச்சா ஆடுற படி மொத்தமா 16 மில்லிதான் ஏறி எறங்கும். நிலையா நிக்கிற ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் உயர வித்தியாசம் ஒரு பிரிக், ஒரு பிளேட் (மெல்லிசான துண்டு) வெச்சா 12.8 மில்லி, தாராளமா ஏறும். ரெண்டு பிரிக் வெச்சீங்கன்னா 19.2, பந்து பாதியில நின்னு திரும்ப உருண்டு வந்துடும். படி ஒவ்வொண்ணும் அடுத்த படி பக்கம் கொஞ்சம் சாஞ்சிருக்கணும், தட்டையா வெச்சா பந்து எங்கயும் போகாது.

வேகம் ஜாஸ்தி ஆனா பந்து ஜாஸ்தி ஏறும்ன்றதும் தப்பு. கிரேட் பால் கான்ட்ராப்ஷன் (பல பேர் கட்டுன லெகோ மெஷினை வரிசையா சேர்த்து பந்தை ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு அனுப்புறது) கட்டுறவங்க கணக்கே சராசரியா செகண்டுக்கு ஒரு பந்துதான். குழியில பந்தை வாங்கி மேல தூக்குற சக்கர லிஃப்ட்ல, 6 குழி உள்ள சக்கரத்துக்கு நிமிஷத்துக்கு 10 சுத்து போதும், அதுக்கு மேல போனா பந்து குழியில விழவே டைம் இருக்காது. 8 பல் கியரை 40 பல் கியரோட சேர்த்தா வேகம் அஞ்சுல ஒரு பங்காகும், இழுவையும் கூடும். ஆனா இழுவை கூடுச்சுன்னா மாட்டிக்கிட்ட பந்து கியர் பல்லையே ஒடைக்கும், ஆக்சிலை முறுக்கிடும், அதனால வெள்ளை கலர் 24 பல் கிளட்ச் கியர் ஒண்ணை நடுவுல கட்டாயம் போடுங்க, லோடு ஏறினா அது தானா வழுக்கிக்கும்.

பேட்டரியையும் மறக்காதீங்க. புது ஏஏ செல் 6 போட்டா 9 வோல்ட், ரீசார்ஜ் செல்லுன்னா 7.2தான். எதுல ஓட்டப் போறீங்களோ அதுலயே டெஸ்ட் பண்ணுங்க, அதுவும் ஒவ்வொண்ணா போட்டு இல்ல, 30 பந்தை மொத்தமா தொட்டியில கொட்டிட்டு பக்கத்துலயே உக்காந்து பாருங்க.