ங்கோரோங்கோரோ பற்றி எழுதும்போது சறுக்கும் இடங்கள்

ங்கோரோங்கோரோ, கிழக்கு ஆப்பிரிக்காவின் தான்சானியாவில் ஒரு மாவட்டம். அதன் பெயரிலேயே முதல் சறுக்கல். பலரும் ‘நிகோரோங்கோரோ’ என்று எழுதுகிறார்கள். அதில் ‘நி’ கிடையாது. ‘அங்கே’ என்று சொல்லும்போது முதல் எழுத்தை விழுங்கிவிடுங்கள், மிஞ்சுகிற ஒலியில்தான் இந்தப் பெயர் தொடங்குகிறது. ங வைத்திருக்கும் நமக்கு இது வராதா என்ன?

அதையாவது மன்னிக்கலாம். யானையும் சிங்கமும் திரியும், அதே பெயர் கொண்ட எரிமலைப் பள்ளத்தையே மாவட்டம் என்று எழுதுவதை மன்னிக்க முடியாது. பள்ளத்தின் தரை சுமார் 260 சதுர கி.மீ.தான். அதை உள்ளடக்கிய பாதுகாப்புப் பகுதி ஏறத்தாழ 8,300. அருஷா மாகாணத்தைச் சேர்ந்த மாவட்டமோ 14,000 சதுர கி.மீ. அளவுக்கு விரிந்து, வடக்கே கென்ய எல்லையைத் தொடுகிறது. நிலமும் ஒரே மாதிரி இல்லை. ஈரக்காற்றை மேட்டுநிலம் தடுத்துவிடுவதால் கிழக்குச் சரிவில் மூடுபனியும் காடும். மேற்கே இறங்கினால் மழைமறைவு, வறண்ட புல்வெளி.

இந்த மாவட்டத்து ஓல் டோய்ன்யோ லெங்காய் மலையின் உச்சியில் தெரியும் வெள்ளையைப் பனி என்று எழுதிவிடாதீர்கள். அந்த எரிமலையின் குழம்பு கறுப்பாக வந்து, ஈரம் பட்டதும் வெளுத்துப்போகும்.

‘மாடும் காட்டு விலங்கும் ஒரே புல்வெளியில் ஒற்றுமையாக மேய்கின்றன’ என்ற வரி எங்கும் கிடைக்கும். கேட்க அழகுதான். ஆனால் மாடு வைத்திருக்கிறவர் அப்படிச் சொல்லமாட்டார். எரிமலைச் சாம்பல் படிந்த மண் என்பதால் மேற்குச் சமவெளிப் புல்லில் சுண்ணாம்புச் சத்து அதிகம். அதைத் தேடித்தான் லட்சக்கணக்கான வில்டபீஸ்ட்டுகள் (மாடு போலத் தெரியும் ஒருவகை மான்கள்) வந்து, பிப்ரவரியை ஒட்டிய வாரங்களில் அங்கே கன்று போடுகின்றன. அந்தக் கன்றுகளின் உடம்பில் ஒரு வைரஸ் இருக்கும். அவற்றை அது ஒன்றும் செய்யாது, மாட்டுக்குத் தொற்றினால் மாடு பிழைப்பது அரிது. ஆகவே புல் செழித்துக் கிடக்கும் நேரம் பார்த்து, இங்கே கால்நடை மேய்த்து வாழும் மசாய் மக்கள் மாடுகளை மேட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகவேண்டியிருக்கிறது. நல்ல மேய்ச்சலைக் கண்ணெதிரே விட்டுக்கொடுக்கும் இந்தச் செலவு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

மசாய்கள் ‘பாலும் ரத்தமும் குடித்து வாழ்கிறார்கள்’ என்பது அடுத்த அபத்தம். பெரும்பாலான வீடுகளில் அன்றாடச் சாப்பாடு மக்காச்சோள மாவில் கிண்டும் உகாலி, நம் களி மாதிரி. ஆட்டை விற்றுத்தான் மக்காச்சோளம் வாங்குகிறார்கள். விதைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்கலாம். பாதுகாப்புப் பகுதிக்குள் 1975-இல் பயிரிடத் தடை வந்தது, 1992-இல் தளர்ந்தது, 2009-இல் மறுபடி வந்தது. ஆட்டு விலை இறங்கி மக்காச்சோள விலை ஏறும் வறட்சி ஆண்டில் என்ன நடக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். சுற்றுலாதான் இவர்களுக்குச் சோறு போடுகிறது என்று எழுதுகிறவர்கள், நுழைவுக் கட்டணம் பாதுகாப்புப் பகுதியை நிர்வகிக்கும் ஆணையத்துக்குப் போகிறதா, இந்த வீட்டுக்கு வருகிறதா என்று பார்ப்பதில்லை.

மாவட்டம் முழுக்க மசாய்கள் என்பதும் தவறு. வடகிழக்கே பாத்தேமி மக்கள் இருக்கிறார்கள். வெளியார் அவர்களுக்கு வைத்த பெயர் சோஞ்சோ. அவர்கள் பேசுவது பாண்டு என்ற ஆப்பிரிக்க மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மொழி, தொழில் விவசாயம். ஊற்றுநீரை வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்து, ஊர்ப் பெரியவர்கள் வகுத்த முறைப்படி பாய்ச்சுகிறார்கள். முறைத்தண்ணீர் தெரிந்த நம் ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கால்நடை வளர்க்கும் தடோகா மக்களும் உண்டு.

ஆகப் பெரிய தவறு, மசாய்களைக் ‘காட்டை ஆக்கிரமித்தவர்கள்’ என்று எழுதுவது. 1959-இல் பக்கத்துச் செரெங்கெட்டி தேசியப் பூங்காவிலிருந்து மேய்ச்சல்காரர்களை வெளியேற்றியபோது, இந்தப் பாதுகாப்புப் பகுதி அவர்கள் குடியிருக்கவும் சேர்த்துத்தான் ஒதுக்கப்பட்டது. 1970-களில் பள்ளத்தின் தரையிலிருந்தும் வெளியேற்றினார்கள். 2022 முதல் தொலைவிலுள்ள ஹாண்டேனி மாவட்டத்துக்குக் குடும்பங்களை அனுப்புகிறார்கள். விருப்பப்பட்டுத்தான் போகிறார்கள் என்கிறது அரசு. மருத்துவமும் பள்ளியும் குறைந்துகொண்டே வந்தால் வேறு என்ன செய்வது என்கிறார்கள் மசாய்கள் பலர். அனுப்பிவைத்த இடமும் காலிநிலம் இல்லை, அங்கே ஏற்கெனவே ஆட்கள் குடியிருந்தார்கள்.