ரயில் நிலைய மறுசீரமைப்புக்குத் தனியார் நிதி: ஒப்பந்தத்துக்கு முன் செய்ய வேண்டியவை

பெரிய ரயில் நிலையம் ஒன்றைத் தனியார் நிதியால் மறுசீரமைக்க முற்படும் நிர்வாகம், முதலீட்டாளரைத் தேடுமுன், அவர் போடும் பணம் எதிலிருந்து, எத்தனை ஆண்டுகளில் திரும்பும் என்பதைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். பயணிகளிடம் பெறும் கட்டணம், கடை வாடகை, விளம்பரம், நில மேம்பாடு, அரசு ஆண்டுதோறும் தரும் தொகை ஆகியவற்றுக்கு வெளியே வருவாய்க்கு வழி அதிகமில்லை. அரசு வாங்கும் கடனுக்குப் பெரும்பாலும் வட்டி குறைவு என்பதால், தனியார் வழியில் கிடைக்கும் திறன் அந்தக் கூடுதல் வட்டிக்கு ஈடாகுமா என்பதையும் இப்போதே ஒப்பிட்டுவிடுவது நல்லது.

இவற்றுள் பெரும்பாலும் கைகொடுப்பது நிலமும் அதன் மேல் கட்டும் உரிமையுமே. 1945ஆம் ஆண்டு வான்தாக்குதலில் குவிமாடங்களையும் மூன்றாம் தளத்தையும் இழந்த டோக்கியோ நிலையத்தின் செங்கல் கட்டடம், ஏறத்தாழ 5,000 கோடி யென் செலவில் 2012இல் பழைய தோற்றத்தைப் பெற்றது. அனுமதி இருந்தும் கட்டப்படாமல் கிடந்த தளப்பரப்பு உரிமையை அக்கம்பக்கத்து உயர்கட்டடங்களுக்கு விற்றே அதற்கு நிதி திரட்டினார்கள். எனவே, நிலத்தின் பட்டா, வழக்குகள், ஆக்கிரமிப்பு, தளப்பரப்புக் குறியீடு (நிலப்பரப்பைப் போல எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்ற வரம்பு) ஆகியவற்றைத் தீர்த்துவைத்த பின்னரே ஏலம் கோர வேண்டும். இவை தீராத நிலத்துக்கு யாரும் நியாயமான விலை கேட்க மாட்டார்கள்.

அடுத்தது இடர்ப் பகிர்வு. பேரங்கள் முறிவது பெரும்பாலும் இங்கேதான். கட்டுமானச் செலவு உயர்வை ஒப்பந்ததாரர் ஏற்கலாம். ஆனால் ரயில் ஓடும் தடத்துக்கு மேல் உத்தரம் ஏற்ற வேண்டுமென்றால், போக்குவரத்தை நிறுத்தி, மேல்நிலை மின்கம்பியில் மின்சாரத்தைத் துண்டித்து, ‘பிளாக்’ தர வேண்டியது ரயில்வே. மாதத்துக்கு எத்தனை மணி நேரம், எந்த இரவுகளில் பிளாக் கிடைக்கும், வாக்களித்தது கிடைக்காவிட்டால் இழப்பீடு எவ்வளவு என்பவை எண்களாக எழுதப்படாத ஒப்பந்தம் நடுவர் மன்றத்தில் போய் நிற்கும்.

மாற்று வழியும் கையில் இருக்கட்டும். போபாலின் ராணி கமலாபதி நிலையம் தனியார் கூட்டு முறையில் முடிந்து 2021இல் திறக்கப்பட்டது. அதே முறைக்கு முதலில் திட்டமிடப்பட்டிருந்த புதுதில்லி நிலையத்துக்கோ, 2022இல் மத்திய அமைச்சரவை அரசு நிதியை ஒதுக்க நேர்ந்தது.

கடைகளின் பரப்பை முடிவுசெய்யும் உரிமையை ரயில்வே முழுமையாக விட்டுக்கொடுத்துவிடக் கூடாது, ஏனெனில் வெளியேறும் வழியை அடைத்து வைக்கும் கடைக்குத்தான் வாடகை அதிகம். குத்தகை முடிந்து நிலையம் திரும்பி வரும்போது மின்தூக்கி, நகரும் படிக்கட்டு, கூரை ஆகியவை எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதையும், அதைக் கடைசி சில ஆண்டுகளில் யார் ஆய்வு செய்வார், பழுதுக்கான பணத்தை எந்தக் கணக்கில் பிடித்து வைப்பது என்பதையும் கையெழுத்திடும் நாளிலேயே வரையறுத்துவிட வேண்டும்.